பேக்-மேன் அட்டாரிக்கு வந்தபோது ஏன் அப்படி ஆனது?

“ஆர்கேடில் அவ்வளவு அழகாக இருந்த பேக்-மேன், 1982-ல் அட்டாரி 2600-க்கு வந்தபோது ஏன் அவ்வளவு மோசமாக இருந்தது? எழுதியவரின் அலட்சியமா? அந்த மாதிரி ஒரு வேலையை இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்க முடியுமா?” இதுதான் கேள்வி. ஆர்கேட் என்பது கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷின். அட்டாரி 2600 வீட்டு டிவியில் இணைத்து ஆடும் கன்சோல். பேக்-மேன், ஒரு புதிர்ப்பாதைக்குள் புள்ளிகளைத் தின்றுகொண்டே நாலு பேய்களிடமிருந்து தப்பும் ஆட்டம்.

அலட்சியம் இல்லை. எதைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்று எடுத்த முடிவுகள்தான் காலை வாரின. அவற்றில் சில புரோகிராமருடையவை, சில கம்பெனியுடையவை. அதே மெஷினில் இதைவிட நன்றாகச் செய்தவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொழுதுபோக்காக நானும் அந்த மெஷினுக்கு அசெம்பிளியில் (பிராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியில்) எழுதிப் பார்ப்பவன் என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். கணக்கு பிடிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். ஆர்கேட் விளையாட்டை வீட்டு கன்சோலுக்குக் கொண்டுவருவது என்றால் மூல நிரலை வாங்கி, அங்கங்கே மாற்றி, புது மெஷினில் ஓடவைப்பது என்றுதான் இன்று நினைப்போம். அன்று உரிமம் வாங்கிய கம்பெனிக்குப் பெரும்பாலும் கிடைத்தது பெயரும் உருவங்களும் மட்டுமே. புரோகிராமர் ஆர்கேட் மெஷின் முன்னால் நின்று விளையாடுவார். பேய் எந்த மூலையில் திரும்புகிறது, எத்தனை புள்ளிக்குப் பிறகு பழம் வருகிறது என்றெல்லாம் பார்த்துக்கொள்வார். பிறகு தன் மேஜைக்குப் போய் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுவார். படம் வரைவதும் அவர்தான், சத்தம் சேர்ப்பதும் அவர்தான். நிரலே கையில் கிடைத்திருந்தாலும் பெரிய உபயோகம் இருந்திருக்காது. ஆர்கேட் பேக்-மேனில் இருந்தது இசட்80 பிராசஸர், அட்டாரியில் இருந்தது 6507. இரண்டும் வேறு வேறு மொழி பேசுபவை. அதைவிடப் பெரிய இடைவெளி திரையில் படம் போடும் முறையில் இருந்தது.

ஆர்கேட் பேக்-மேனில் படம் போடத் தனி வன்பொருள் உண்டு. “இந்தக் கட்டத்தில் சுவர், அந்தக் கட்டத்தில் புள்ளி, இங்கே சிவப்புப் பேய்” என்று பிராசஸர் சொல்லிவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். 1977 செப்டம்பரில் வெளிவந்த அட்டாரி 2600-ல் அப்படி எதுவும் கிடையாது. திரையின் படத்தை வைத்துக்கொள்ள நினைவகமே இல்லை. 160-க்கு 192 பிக்சல்கள் (திரைப் படத்தின் மிகச் சிறிய புள்ளிகள்) கொண்ட திரையைக் கறுப்பு வெள்ளையில் சேமித்தாலே 3,840 பைட் வேண்டும். அந்த மெஷினின் மொத்த ரேம் 128 பைட்.

128 பைட் எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு சொல்கிறேன், இன்றைய யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். 42 குறியீடுகளோடு ரேம் தீர்ந்துபோகும். இந்தப் பத்தியின் முதல் வாக்கியம்கூட அதில் முழுதாக அடங்காது. அதற்குள்தான் ஸ்கோர், உயிர்களின் எண்ணிக்கை, பேய்கள் நிற்கும் இடம், தின்ற புள்ளிகள் எவை என்ற கணக்கு எல்லாமே இருக்க வேண்டும். வேலையின் நடுவே எங்கே திரும்பி வர வேண்டும் என்று பிராசஸர் குறித்து வைக்கும் ஸ்டாக்குக்கும் அதிலேதான் இடம்.

அப்படியானால் படம் எப்படி வந்தது? டிவியின் எலக்ட்ரான் கற்றை திரையை மேலிருந்து கீழே கோடு கோடாக வரையும். அமெரிக்க டிவியில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 262 கோடுகள், நொடிக்கு 60 ஃபிரேம். கற்றை ஒரு கோட்டை வரையும் அந்த நேரத்திலேயே, அந்தக் கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதை டிஐஏ என்ற சிப்பிடம் பிராசஸர் சொல்லியாக வேண்டும். மேஸ்திரி சுவர் எழுப்ப, சித்தாள் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுப்பது போன்ற வேலை. ஒரே வித்தியாசம், இந்த மேஸ்திரி ஒரு கணமும் நிற்கமாட்டார். கல் வரவில்லை என்றால் முந்தைய கல்லையே திரும்ப வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 76 கிளாக் சைக்கிள் (பிராசஸரின் மிகச் சிறிய நேர அலகு). ஒரு மதிப்பை நினைவகத்திலிருந்து எடுக்கச் சுமார் 4 சைக்கிள், அதை டிஐஏ-வில் போட 3, ஆக மொத்தம் 7. திரையின் பின்னணிப் படத்தை, அதாவது சுவர்களை, வைக்க மூன்று ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பு இடங்கள்) உண்டு. ஆனால் அவை கொள்வது பாதித் திரைக்கான 20 கட்டங்களை மட்டுமே. மறுபாதியை டிஐஏ தானாகவே நகலெடுக்கும், அல்லது கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடும். இரண்டு பாதியும் வேறு வேறாக இருக்க வேண்டுமா? அப்படியானால் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் மூன்று ரெஜிஸ்டர்களையும் மாற்றி எழுத வேண்டும். கோட்டுக்கு ஆறு முறை எழுத 42 சைக்கிள். மிச்சமிருக்கும் 34 சைக்கிளில் இரண்டு ஸ்ப்ரைட்டுகள் (பின்னணிக்கு மேல் தனியாக நகரும் உருவங்கள்) இந்தக் கோட்டில் வருகின்றனவா என்று பார்த்து, வந்தால் அவற்றின் படத்தையும் போட வேண்டும்.

பேக்-மேன் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அதன் சுவர்கள் இடமும் வலமும் ஒரே மாதிரி, கண்ணாடிப் பிம்பமே போதும். ஆனால் புள்ளிகள் அப்படி இல்லையே. ஆட்டக்காரர் இடப்பக்கத்தில் நாலு புள்ளியைத் தின்ற நொடியில் இரண்டு பாதியும் வேறாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எளிமையான விளையாட்டு: ஒரு புதிர்ப்பாதை, ஐந்து உருவங்கள். 2600-க்கு இதைவிடப் பகையான விளையாட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

ஸ்ப்ரைட் கதை இன்னும் கடுமை. அந்த மெஷினை வடிவமைத்தபோது அவர்கள் மனதில் இருந்தது பாங், டேங்க் போன்ற ஆட்டங்கள். அதனால் டிஐஏ-வில் இருப்பவை இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, அவ்வளவுதான். ஒரு ஸ்ப்ரைட்டைக் கிடைமட்டத்தில் எங்கே வைப்பது என்று எண்ணாகச் சொல்லவும் வழியில்லை. கற்றை அந்த இடத்துக்கு வரும்வரை பிராசஸர் காத்திருந்து, வந்ததும் “இங்கேதான்” என்று தட்ட வேண்டும். இதற்கு ஒரு உத்தி உண்டு, நான் முதலில் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். வேண்டிய இடத்தின் எண்ணிலிருந்து 15-ஐக் கழி, எதிர்ம எண் ஆகாதவரை திரும்பக் கழி. இந்தச் சின்னச் சுழற்சிக்கு ஒரு சுற்றுக்கு 5 சைக்கிள் ஆகும். ஒரு சைக்கிளுக்குள் கற்றை 3 பிக்சல் நகரும், ஆகவே ஒரு சுற்றுக்குச் சரியாக 15 பிக்சல். வகுத்தலும் காத்திருப்பும் ஒரே வேலையாகிவிட்டன. மீதியாக நிற்கும் சில பிக்சல்களைச் சரிசெய்ய வேறொரு ரெஜிஸ்டர் இருக்கிறது.

இத்தனை இடுக்கிலும் ஒருவர் முதலில் ஜெயித்துக் காட்டினார். டைட்டோவின் டோமோஹிரோ நிஷிகாடோ 1978-ல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை, ரிக் மௌரர் 1980-ல் 2600-க்கு எழுதினார். ஆர்கேடில் வரிசைக்கு 11 வீதம் 55 எதிரிகள். இவருடையதில் வரிசைக்கு 6, மொத்தம் 36. ஏன் 6? டிஐஏ ஒரு ஸ்ப்ரைட்டை அதே கோட்டில் மூன்று நகல்வரை தானே போட்டுத் தரும். இரண்டு ஸ்ப்ரைட், தலா மூன்று. வன்பொருள் சும்மா கொடுப்பதை வாங்கிக்கொண்டு விளையாட்டை அந்த அளவுக்கு வெட்டினார். அரண்களும் நாலிலிருந்து மூன்றாயின. எதிரிகளின் முகங்கள்கூட ஆர்கேடில் இருந்தவை அல்ல.

ஆனாலும் யாரும் புகார் சொல்லவில்லை. அந்த விளையாட்டின் உயிர் முகங்களில் இல்லை, அணிவகுப்பில்தான் இருந்தது. ஆர்கேடில் ஃபிரேமுக்கு ஒரு எதிரிதான் நகரும். 55 பேரும் ஒரு அடி வைக்க 55 ஃபிரேம் ஆகும். ஆள் குறையக் குறைய, நிரலை மாற்றாமலே வேகம் கூடிவிடும். 2600-ல் அப்படித் தானாக நடக்காது, எத்தனை பேர் மிச்சம் என்று பார்த்து வேண்டுமென்றே வேகத்தைக் கூட்ட வேண்டும். மௌரர் அந்த வேகத்தையும், கூடவே விரைவாகும் அந்தத் தடதட சத்தத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கூடுதலாக, குண்டுகள் வளைந்து வருவது, அரண்கள் நகர்வது, இருவர் சேர்ந்து ஆடுவது என்று 112 வகை ஆட்டங்களைச் சேர்த்தார், அவையெல்லாம் 4 கிலோபைட்டுக்குள். அந்த ஆண்டிலேயே 10 லட்சத்துக்கு மேல் விற்றது. இந்த ஒரு கேட்ரிட்ஜுக்காகவே கன்சோலை வாங்கியவர்கள் ஏராளம்.

ராப் ஃபுலாப் 2600-க்குச் செய்த மிசைல் கமாண்டும் (விழும் ஏவுகணைகளிடமிருந்து நகரங்களைக் காக்கும் ஆட்டம்) அதே ரகம்தான். ஆர்கேடில் மூன்று ஏவுதளங்கள், தளத்துக்கு ஒன்றாக மூன்று பொத்தான்கள், குறிவைக்க ஒரு டிராக்பால், அதாவது கையால் உருட்டும் பந்து. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ ஒரே பொத்தான். ஃபுலாப் ஏவுதளத்தை ஒன்றாக்கி நடுவில் வைத்துவிட்டார். விளையாடிப் பார்த்தால் இழப்பு அவ்வளவாகத் தெரியாது. நகரங்கள் ஒவ்வொன்றாகப் போகும் அந்தப் பதற்றம் அப்படியே இருக்கும். அது நன்றாக விற்ற பிறகு தனக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் போனஸ் ஒரு வான்கோழிக்கான கூப்பன் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் அவர் வெளியேறி இமாஜிக் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அதற்கு முன்பே, 1979-ல், டேவிட் கிரேன், லாரி கேப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வரும் அட்டாரியை விட்டுப் போய் ஆக்டிவிஷனை ஆரம்பித்திருந்தார்கள். ஸ்ப்ரைட்டைத் திரையின் மேல்பகுதியில் ஒருமுறை போட்டுவிட்டு, அதையே கீழே இன்னோர் இடத்தில் மறுபடி பயன்படுத்தலாம் என்று ஏர்-சீ பேட்டிலில் செய்து காட்டியவர் அந்த கேப்லன்தான். இந்த உத்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனி அட்டாரி பேக்-மேனை எழுதிய டாட் ஃப்ரைக்கு வருவோம். ஆர்கேட் பேக்-மேன் 1980-ல் நாம்கோவின் தோரு இவதானி வடிவமைத்தது. திரை செங்குத்து, 224-க்கு 288. வீட்டு டிவி படுக்கைவாட்டு. ஆகவே புதிர்ப்பாதையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது, பக்கவாட்டுச் சுரங்கங்கள் மேலும் கீழுமாகப் போயின. 240 சிறு புள்ளிகள் 126 கோட்டுத் துண்டுகளாகக் குறைந்தன. பின்னணிப் படத்தின் ஒரு கட்டம் நாலு பிக்சல் அகலம் என்பதால் வட்டப் புள்ளி வைக்க வாய்ப்பே இல்லை. சுவரும் துண்டும் ஒரே பின்னணிப் படத்தின் பகுதிகள் என்பதால் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இதுவரை சொன்னவற்றில் ஃப்ரையைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, யார் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நின்றிருப்பார்கள். தகராறு அடுத்த மூன்று விஷயங்களில்.

முதலாவது, இருவர் மாறி மாறி ஆடும் வசதியை அவர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். முதல் ஆள் செத்ததும் இரண்டாம் ஆளின் புதிர்ப்பாதை வர வேண்டும், அவர் தின்ற துண்டுகள் தின்றபடியே இருக்க வேண்டும். 126 துண்டுக்கு ஒரு ஆளுக்கு 16 பைட், இருவருக்கு 32. ரேமில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து ஆடுவார்கள் என்ற நினைப்பு நியாயமானதுதான், விலைதான் அதிகம்.

இரண்டாவது, பேய்கள். ஒரு ஸ்ப்ரைட் பேக்-மேனுக்குப் போய்விட்டால் மிச்சம் ஒன்று, பேய்கள் நாலு. ஃப்ரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு பேயை மட்டும் காட்டினார். ஒவ்வொன்றும் நொடிக்கு 15 முறைதான் தெரியும், அதனால்தான் அந்தப் புகழ்பெற்ற சிமிட்டல். பழைய டிவியின் பாஸ்பர் பூச்சு ஒளியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதால், இன்றைய எல்சிடி திரையில் படும் அளவுக்கு அது கண்ணை உறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஒரு ஃபிரேமை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதில் ஒரு பேய்தான் இருக்கும். இருந்தாலும் நிறம் வெளிறி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் போனதற்கு டிவியைக் காரணம் சொல்ல முடியாது. ஆர்கேடில் நாலு பேய்களுக்கும் நாலு குணம்: சிவப்பு நேரே துரத்தும், இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் முந்திப் போய் மறிக்கும். எது எது என்று தெரியாவிட்டால் ஆட்டத்தின் பாதிச் சூட்சுமம் காலி.

மூன்றாவது நிறம். ஆர்கேடில் கறுப்புப் பின்னணியில் நீலச் சுவர். இங்கே நீலப் பின்னணியில் மங்கலான ஆரஞ்சுச் சுவர். கறுப்புப் பின்னணி விண்வெளி விளையாட்டுகளுக்கு மட்டும்தான் என்றொரு கொள்கை அட்டாரிக்குள் இருந்ததாக ஃப்ரை பின்னாளில் சொல்லியிருக்கிறார். பின்னணியைக் கறுப்பாக வைக்க ஒரு பைட்கூட அதிகம் ஆகாது. இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒற்றுமையும் போயிற்று. என்னைக் கேட்டால் மூன்றிலும் மன்னிக்க முடியாதது இதுதான்.

இவற்றோடு கம்பெனியின் பங்கும் உண்டு. கேட்ரிட்ஜ் 4 கிலோபைட்தான் என்றார்கள். பிராட் ஸ்டூவர்ட் எழுதிய ஆஸ்டராய்ட்ஸ் 1981-லேயே 8 கிலோபைட்டில் வந்துவிட்டது. அதற்கு பேங்க் ஸ்விட்சிங் என்று பெயர். பிராசஸரின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் கேட்ரிட்ஜின் 4 கிலோபைட்தான் தெரியும், குறிப்பிட்ட ஒரு முகவரியைத் தொட்டால் மறுபாதி வந்து உட்காரும். தொட்ட அடுத்த கணமே நிரல் மறுபாதியிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதால், இரண்டு பாதியிலும் அந்த இடத்தில் பொருத்தமான கட்டளைகள் இருந்தாக வேண்டும். கொஞ்சம் வித்தைதான், ஆனால் தெரிந்த வித்தை. 8 கிலோபைட் சிப்பின் விலை அதிகம் என்று பேக்-மேனுக்கு அது கிடைக்கவில்லை. தான் செய்ததற்காக வருந்தவில்லை, அன்றைய நிலையில் முடிந்ததைச் செய்தேன், 8 கிலோபைட் இருந்திருந்தால் சில விஷயங்களை வேறு மாதிரி செய்திருப்பேன் என்பதுதான் ஃப்ரையின் நிலைப்பாடு. கேட்ரிட்ஜுக்கு 10 சென்ட் வீதம் அவருக்கு உரிமத்தொகை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். விற்றது 70 லட்சத்துக்கும் மேல். 2600-ல் மிக அதிகம் விற்ற விளையாட்டு இன்றுவரை அதுதான். திட்டிக்கொண்டே வாங்கினார்கள், அல்லது வாங்கிவிட்டுத் திட்டினார்கள்.

அடுத்து வந்த மிஸ் பேக்-மேனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மெஷின், அதே 128 பைட். கேட்ரிட்ஜ் மட்டும் 8 கிலோபைட். செய்தது ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன். இவர்கள் வந்த கதையே வேடிக்கை. எம்ஐடி மாணவர்களாக இருந்த சில இளைஞர்கள் ஆர்கேட் மிசைல் கமாண்டை மாற்றியமைக்கும் ஒரு பலகையைச் செய்து விற்றார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அட்டாரிக்கே விளையாட்டு செய்து தரும் ஒப்பந்தம் அவர்கள் கையில் இருந்தது. இதற்கிடையில் பேக்-மேனை மாற்றி அவர்கள் செய்திருந்த இன்னொரு பலகைதான், பேக்-மேனை அமெரிக்காவில் விற்ற மிட்வேயிடம் போய் ஆர்கேட் மிஸ் பேக்-மேனாக வந்தது. அப்படிச் செய்ய அவர்கள் பேக்-மேனின் நிரல் பதிந்திருக்கும் ரோம் சிப்பைப் பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தவர்கள். வெளியே நின்று பார்த்து எழுதியவருக்கும் உள்ளே புகுந்து படித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டு கேட்ரிட்ஜிலும் தெரிந்தது.

பேய்களை அவர்கள் கையாண்ட விதம், மேலே நினைவில் வைக்கச் சொன்ன கேப்லனின் உத்தியின் நீட்சிதான். பேய்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் ஒரே ஸ்ப்ரைட்டைக் கீழே போகப்போக மறுபடி மறுபடி பயன்படுத்தலாம், சிமிட்டத் தேவையே இல்லை. ஒரே உயரத்தில் இரண்டு மூன்று சேர்ந்துவிடும்போது மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினால் போதும். நிறமும் சரியாக வந்தது, நாலு வகைப் புதிர்ப்பாதைகள் வந்தன, பழம் துள்ளித் துள்ளி நகர்ந்தது. ஃப்ரையின் கேட்ரிட்ஜை வாங்கி ஏமாந்த பலருக்கு இது பார்த்ததும் பிடித்துப்போனது.

“பார்த்தீர்களா, 8 கிலோபைட்தான் காரணம்” என்று இங்கே சொல்லத் தோன்றும். முழுக்க அப்படியும் இல்லை. பல வருடங்கள் கழித்து ஆர்வலர் ஒருவர் 4 கிலோபைட்டுக்குள்ளேயே ஆர்கேடுக்கு மிக நெருக்கமான பேக்-மேனை 2600-க்கு எழுதிக் காட்டினார். ஆனால் அவருக்கு எமுலேட்டர் இருந்தது, நிரலை நிறுத்தி நிறுத்திச் சோதிக்கும் டீபக்கர் இருந்தது, கால் நூற்றாண்டு காலம் மற்றவர்கள் கண்டுபிடித்து எழுதி வைத்த உத்திகள் இருந்தன, கெடு மட்டும் இல்லை. அதை வைத்து 1981-ல் எழுதியவரை மட்டம் தட்டுவது நியாயமில்லை.

டாங்கி காங் என்ற ஆர்கேட் ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. அதை கோலெகோவுக்காக 2600-ல் எழுதியவர் கேரி கிட்சன், அதுவும் 4 கிலோபைட்தான். ஆர்கேடில் இருந்த நாலு திரைகளில் இரண்டுதான் வந்தன. தங்கள் சொந்த கன்சோலை உயர்த்திக் காட்டவே கோலெகோ இதைக் கெடுத்தது என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. அந்தச் சாய்வான இரும்புச் சட்டங்களை 2600-ன் தடித்த கட்டங்களில் கொண்டுவந்திருக்கும் விதத்தைப் பார்த்தவர் யாரும் அதை நம்பமாட்டார்கள். வேண்டுமென்றே கெடுக்க நினைப்பவர் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இரண்டாவது கேள்வி, இன்று செய்து பார்க்க முடியுமா? தாராளமாக. ஸ்டெல்லா என்ற எமுலேட்டர், டாஸ்ம் என்ற அசெம்பிளர், இரண்டும் இலவசம். ஸ்டெல்லாவின் டீபக்கரில் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, கற்றை இப்போது எந்தக் கோட்டில், எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று பார்க்கலாம். பாஸ்பர் விளைவை ஒருமுறை போட்டும் ஒருமுறை எடுத்தும் ஃப்ரையின் பேக்-மேனை ஓட்டிப் பாருங்கள், மேலே சொன்ன சிமிட்டல் விவகாரம் கண்ணுக்கே தெரியும்.

எடுத்த எடுப்பில் பேக்-மேனில் கைவைக்காதீர்கள். முதலில் கோட்டுக்கு ஒரு நிறமாகப் பின்னணியை மாற்றி ஒரு வானவில் வரவழையுங்கள். பிறகு ஒரு ஸ்ப்ரைட்டை ஜாய்ஸ்டிக்கால் நகர்த்துங்கள், அந்த 15 கழிக்கும் வித்தை அங்கே தேவைப்படும். அடுத்து மௌரரின் ஆறு எதிரி வரிசை, அதில் பாதி வேலையை டிஐஏ-வே செய்து தரும். ஒவ்வொரு கட்டளைக்கு எதிரிலும் அதன் சைக்கிளை எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு கோட்டுக்கான கூட்டுத்தொகை 76-ஐத் தாண்டினால் ஃபிரேம் 262 கோட்டைத் தாண்டும், படம் குதிக்கவோ உருளவோ ஆரம்பிக்கும். விளையாட்டின் தர்க்கம், அதாவது மோதல், ஸ்கோர், பேயின் முடிவுகள் எல்லாவற்றையும் படம் தெரியாத எழுபது கோடுகளுக்குள் திணியுங்கள், ஃபிரேமுக்கு 5,300 சைக்கிள்போல அங்கே கிடைக்கும். சத்தத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். டிஐஏ-வில் ஒரு வகை ஒலிக்கு 32 சுருதிதான், அவையும் சுரத்தில் சேராது, அதனால் ஆர்கேடின் இசையை அப்படியே கொண்டுவர முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.